இருவரும் ஒருவரே

தர்மபுரி தாலுகா ஆபீசுக்கு எதிரே என் டைப்பிங் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர்,
கரண்ட் இருந்தால் ஒரு ஃபேன்.
வருவதெல்லாம் பெயர்ப் பிழைகள்தாம்.
பட்டாவில் முனியம்மாள், பேங்கில் முனியம்மா.
ரேஷன் கார்டில் சின்னப்பையன், ஆதாரில் சின்னபையன்.
ஓர் ஒற்று விழுந்தால்
ஆள் இரண்டாகிவிடுவார்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒட்டித் தருவேன்.

மாசி வெயிலில் அவர் வந்தார்.
மெடிக்கல் காலேஜில் டாக்டராம், ஊசி போடாத டாக்டர்.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்,
உள்ளே வரவில்லை.
வாசலில் நின்றபடியே நீட்டினார்
பதினொரு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ்.

"மு. நாகவேணி என்று ஒன்பது கட்டுரை.
நாகவேணி கிரிதரன் என்று பதினான்கு.
இது ரெண்டு பேர் என்கிறது புரமோஷன் கமிட்டி.
ஒரே ஆள்தான்னு அடிக்கணும்."

சந்தேகப்பட்டதில் தப்பில்லை.
முதல் நாகவேணிக்கு பெங்களூர் விலாசம்,
வேலை முழுக்க மூளை.
எலி தன் வழியை எப்படி மறக்கிறது,
தூக்கம் கெட்ட எலி எந்தப் பக்கம் திரும்புகிறது,
இன்று பயந்த எலியிடம்
நாளைக்கு எவ்வளவு பயம் மிச்சம்.

இரண்டாவது நாகவேணி நம்ம ஊர்.
ரயில்வே லைன் ஓரத்துப் பார்த்தீனியம்,
பட்டுக்கூடு ஏலத்தில் தும்முகிற நூற்றுப் பன்னிரண்டு பேர்,
மாமரம் பூத்தால் சிவக்கிற
காவேரிப்பட்டணத்துக் கண்கள்,
புளி உடைக்கிற பெண்களின் விரல் இடுக்கு.
இந்தக் கடைசிக் கட்டுரை எட்டுப் பக்கம்.
புளி உடைக்கிற என் அக்காவைக் கேட்டிருந்தால்
ஒரே வரியில் முடித்திருப்பாள்:
அரிக்கும், பழகிடும்.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
நான்கு வருஷம் ஒன்றுமில்லை.
"மேடம், ஒரு பக்கம் விட்டுப்போச்சா?"
"விட்டுப்போகல."

கரண்ட் போனது.
ஃபேன் நின்ற பிறகுதான் கேட்டது அவருடைய மூச்சு.
மூன்று வீடு தள்ளி
குக்கர் எழும்புவது போல
மெல்லிய விசில்.

"எலிதான்," என்றார்.
ஆறு வருஷம் எலி அறை. முடி, மூத்திரம், மரத்தூள்.
ஒருநாள் கூண்டைத் திறந்ததும் நெஞ்சு அடைத்தது.
அடுத்த வாரம் அறைக் கதவிலேயே.
அப்புறம்
சாவியை எடுக்கக் கை போகும்போதே.
"அதைத்தான் எழுதியிருக்கணும்," சிரித்தார்,
சிரிப்பு இருமலில் முடிந்தது.
"அந்தச் சாவி அடைச்சது மூக்கிலயா மூளையிலயான்னு
இன்னைக்கும் எனக்குத் தெரியாது."

அந்த நான்கு வருஷம்
பாலக்கோட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன்.
கல்யாணம். பெயர் மாறியது.
அதற்கெல்லாம் வரிசை எண் கிடையாது.

கரண்ட் வந்ததும் அடித்தேன்:
மேற்படி இரு பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும் என
இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.
காரணம் எழுத அதில் இடமில்லை.
இருந்திருந்தாலும்
எலி என்று அடித்தால் நோட்டரி முத்திரை வைக்க மாட்டார்.

"எந்தப் பேர்ல கையெழுத்து?"
முப்பது வருஷ சர்வீசில் யாரும் கேட்காத கேள்வி.
"ரெண்டுலயும் போடுங்க," என்றேன், சட்டம் தெரிந்தவன் மாதிரி.
பழைய கையெழுத்தைப் போட
இரண்டு தடவை வெறும் தாளில் எழுதிப் பார்த்தார்.
மூன்றாவது முறைதான் வந்தது.

சாயங்காலம் கடை கட்டும்போது
பேப்பர் கட்டை நகர்த்தினேன்.
அடியில் மூலை கடித்த பத்திரம் ஒன்று,
தூளாகக் கொஞ்சம் காகிதம்,
நாலைந்து புழுக்கை, ஈரம் காயாமல்.

இத்தனை நாள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்,
எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குப் பொறி வாங்கணும்.
முத்திரை வைத்த பத்திரத்தை வாங்க வருவார்,
ஸ்டூலை
வேப்ப மரத்தடியில் போட்டு வைக்கணும்.